வாசகர் கேள்வி – பதில்: நட்டத்தில் ஓடும் ஆலையை யார் மூடுவது?

சோஷலிசம் ஒரு பொருளாதார ஏற்பாடாக நின்று நிலைக்க முடியுமா என்பதையொட்டி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், ஒன்றோடொன்று தொடர்புடைய சில இங்கே சேர்த்துப் பதிலளிக்கப்படுகின்றன.

கேள்வி: சோஷலிசம் உயர்ந்த கொள்கை, அதைக் கையாண்டவர்கள்தாம் கெடுத்துவிட்டார்கள் என்கிறார்கள் சிலர். மனிதன் இயல்பிலேயே தன்னலக்காரன், ஆகவே அது எக்காலத்திலும் நடவாது என்கிறார்கள் வேறு சிலர். இவற்றில் எதை ஏற்பது? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: இரண்டில் எதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. முதல் தரப்பினர் கேள்வியைத் தலைவர்களின் குணத்தில் கொண்டுபோய் நிறுத்துகின்றனர். இரண்டாம் தரப்பினர் எல்லா மனிதர்களின் குணத்திலும் நிறுத்துகின்றனர். ஆனால் மையத் திட்டமிடலில் தோன்றிய பெருஞ்சிக்கல்கள், திட்டக் குழுவில் அமர்ந்திருந்தவர்கள் அனைவரும் துறவிகளாகவே இருந்திருந்தாலும் தோன்றியிருக்கக் கூடியவை.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வோம். ஆலை, நிலம், சுரங்கம், வங்கி போன்ற உற்பத்திச் சாதனங்கள் தனியாரிடம் இல்லாமல் சமூகத்தின் உடைமையாக இருப்பது ஓர் ஏற்பாடு. எதை, எவ்வளவு, யாருக்காக உற்பத்தி செய்வது என்பதைச் சந்தையின் போக்குக்கு விடாமல் மையத் திட்டத்தால் முடிவு செய்வது மற்றோர் ஏற்பாடு. சோவியத் ஒன்றியம் 1928இல் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது இவ்விரண்டும் ஒன்றாகப் பிணைக்கப்பட்டன. அந்தப் பிணைப்பையே சோஷலிசத்தின் இலக்கணமாக ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் எடுத்துக்கொண்டுவிட்டனர். தனித்தனியாகப் பார்த்தால்தான் எது முறிந்தது, எது முறியவில்லை என்பது விளங்கும்.

ஆஸ்திரியப் பொருளியலாளர் லுட்விக் வான் மீசஸ் 1920இல் ஒரு கேள்வியை எழுப்பினார். உற்பத்திச் சாதனங்களை வாங்குவதும் விற்பதும் நின்றுவிட்டால் அவற்றுக்கு விலை என்று ஒன்று இராது. விலை இல்லாதபோது, ஒரு பாலத்தை எஃகால் கட்டுவதா கான்கிரீட்டால் கட்டுவதா என்பதில் எந்த வழி சமூகத்துக்குக் குறைந்த செலவில் முடியும் என்று எப்படிக் கணக்கிடுவது? எஃகு பாலத்துக்குப் போனால் ரயில் பாதைக்கும் டிராக்டருக்கும் குறையும். சிமெண்ட் பாலத்துக்குப் போனால் வீடுகளுக்குக் குறையும். இந்த இழப்புகளை ஒரே அளவுகோலில் வைத்து ஒப்பிட்டுக் காட்டும் வேலையை விலைதான் செய்து வந்தது. போலந்துப் பொருளியலாளர் ஆஸ்கர் லாங்கே முப்பதுகளில் இதற்குத் தந்த விடை சாமர்த்தியமானது. திட்டக் குழுவே விலையை அறிவிக்கட்டும். ஆலைகள் அவ்விலையை வைத்துக் கணக்கிட்டு உற்பத்தி செய்யட்டும். சரக்கு தேங்கினால் விலையைக் குறைக்கட்டும், தட்டுப்பாடு வந்தால் உயர்த்தட்டும் என்றார் அவர். ஏட்டளவில் லாங்கே தோற்றுப்போகவில்லை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் கோஸ்பிளான் எனப்பட்ட சோவியத் திட்டக் குழு அவர் சொன்ன வழியில் இயங்கவே இல்லை. இத்தனை டன் எஃகு, இத்தனை மீட்டர் துணி, இத்தனை ஜோடி காலணி என்று பொருள்களின் அளவை வைத்தே அது ஆலைகளுக்கு இலக்கு விதித்தது.

இலக்கு எந்த அளவில் சொல்லப்பட்டதோ அந்த அளவை நோக்கி உற்பத்தி வளைந்தது. மக்களின் வீடுகளுக்கு அழகு சேர்க்க வேண்டிய சரவிளக்குகளை இயன்ற அளவு கனமாகவே செய்கிறார்கள், ஏனெனில் ஆலையின் உற்பத்தி எடையால் கணக்கிடப்படுகிறது என்று 1959இல் நிகிதா குருஷ்சேவே வெளிப்படையாகக் குறைபட்டுக்கொண்டார். நாட்டின் தலைவருக்கே நோய் தெரிந்திருந்தது என்பது இதில் கவனிக்கத்தக்கது. தெரிந்தும் தீரவில்லை, எடைக்குப் பதிலாக எண்ணிக்கையை வைத்தால் பொருள் சிறுத்தது, மதிப்பை வைத்தால் விலையுயர்ந்த மூலப்பொருள் வீணாயிற்று. இதற்கு மேல் இன்னொரு வளைவும் இருந்தது. இந்த ஆண்டு இலக்கைத் தாண்டி உற்பத்தி செய்தால் அடுத்த ஆண்டின் இலக்கு அந்த உயரத்திலிருந்து தொடங்கும். ஆகவே அனுபவமுள்ள மேலாளர் தம் ஆலையின் உண்மையான திறனை மேலிடத்துக்கு ஒருபோதும் காட்ட மாட்டார். கையிருப்பை மறைத்துவைப்பார், தேவைக்கு மேல் எஃகு கேட்பார், கிடைக்காததைப் பெற்றுத் தருவதற்கென்றே இடைத்தரகர்களை வைத்துக்கொள்வார். ஒவ்வொருவரும் தம் இடத்தில் அறிவோடு நடந்துகொண்டதன் மொத்த விளைவாக, மாஸ்கோவின் கணக்குப் புத்தகத்தில் இருந்த பொருளாதாரம் ஒன்றாகவும் தரையில் இருந்தது வேறொன்றாகவும் ஆயின.

இலக்கில் மட்டுமன்றி விலையிலும் இதே இக்கட்டு நேர்ந்தது. 1962 ஜூன் முதல் நாளில் சோவியத் அரசு இறைச்சியின் விலையை ஏறத்தாழ 30 சதவீதம் உயர்த்தியது. உற்பத்திச் செலவோடு ஒப்பிட்டால் அந்த உயர்வு நியாயமானதே. ஆனால் நோவோசெர்காஸ்க் நகரின் ரயில் எஞ்சின் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து ஊர்வலமாகப் புறப்பட்டனர். படையினர் சுட்டதில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தச் செய்தி அப்போது மூடி மறைக்கப்பட்டது. ஆயினும் ஆட்சியாளர்களின் நினைவில் அது ஆழப் பதிந்தது. அரசுக் கடைகளின் இறைச்சி விலையை அதன் பிறகு 1991 வரை, கிட்டத்தட்ட மூன்று பதிற்றாண்டுகள், அவர்கள் தொடத் துணியவில்லை. கூலி உயர்ந்தது, செலவு உயர்ந்தது, விலை மட்டும் அங்கேயே நின்றது. மானியம் பெருகியது, கடை வாசலில் வரிசை நீண்டது. விலையை நிர்ணயிப்பவர் அரசு என்று ஆனபின் ஒவ்வொரு விலை உயர்வும் அரசுக்கு எதிரான குற்றச்சாட்டாகிவிடுகிறது. சந்தையில் விலை ஏறினால் மக்கள் கடைக்காரரைத் திட்டிவிட்டுப் போவார்கள். அங்கே திட்டுவதற்கு அரசைத் தவிர வேறு ஆளே இல்லை. லாங்கேயின் ஏட்டுச் சூத்திரம் கணக்கில் கொள்ளாத அரசியல் இது.

ஆயினும் எல்லாவற்றிலும் ஆழமான காரணத்தைச் சுட்டியவர் ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கொர்னாய் என்பேன். சோஷலிச நாட்டிலேயே வாழ்ந்து, அதன் ஆலைகளை நேரில் ஆராய்ந்தவர் அவர். தட்டுப்பாடு என்பது திட்டத்தில் நேர்ந்த பிழை அன்று, அமைப்பின் இயல்பான விளைவு என்று எழுபதுகளின் முடிவில் அவர் வாதிட்டார். ஓர் அரசு ஆலை நட்டம் அடைந்தால் வரி தள்ளுபடியாகும், கடன் ஒத்திவைக்கப்படும், மானியம் வரும், விலை திருத்தப்படும். எதுவானாலும் ஆலை மூடப்படாது. எப்படியும் யாராவது காப்பாற்றுவார்கள் என்று அறிந்த மேலாளர், செலவைப் பற்றிக் கவலைப்படாமல் இயந்திரம், மூலப்பொருள், ஆள் ஆகியவற்றை அள்ளிச் சேர்ப்பார். எல்லா ஆலைகளும் அவ்வாறே சேர்க்கும்போது எந்தப் பொருளும் போதாது. இந்த நிலைக்கு இளகிய வரவு செலவுக் கட்டுப்பாடு என்று அவர் பெயரிட்டார்.

என்னுடைய முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மற்றக் கேள்விகளுக்கான பதில்களும் இதைச் சார்ந்தே அமையும். ஒரு பொருளாதார ஏற்பாட்டை அது எவற்றை உண்டாக்குகிறது என்பதைக் கொண்டு அளக்கிறோம். ஆனால் பயனற்றுப்போனதை உரிய காலத்தில் நிறுத்த அதனால் முடிகிறதா என்பதே கடினமான தேர்வு. சோவியத் வகைச் சோஷலிசம் முதல் தேர்வில் ஓரளவு தேறியது. இரண்டாவதில் தேறவே இல்லை. பொதுவுடைமையை, அதாவது உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் உடைமையாக இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டால், அது இரண்டாவது தேர்விலும் தேற முடியும்; அதற்குச் சான்றுகளும் உள்ளன.

கேள்வி: அத்தனை குறைபாடு உள்ள அமைப்பு எப்படி முதல் செயற்கைக்கோளை ஏவியது? எப்படி ஹிட்லரை வென்றது? (பொறியியல் மாணவி ஒருவர்)

பதில்: இலக்கு ஒன்றே ஒன்றாக இருந்து, அது யாவருக்கும் தெளிவாகவும் இருக்கும்போது மையத் திட்டமிடல் நன்றாகவே இயங்கும். போர் அத்தகைய தருணம்; அமெரிக்காவும் 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியை நிறுத்திவிட்டு, ஆலைகளைப் போர்த் தளவாடங்களுக்குத் திருப்பியது. 1957இல் ஸ்புட்னிக்கும் 1961இல் யூரி ககாரினின் பயணமும் அதே வகையைச் சேர்ந்தவை. சிறந்த அறிவியலாளர்களையும் சிறந்த உலோகத்தையும் ஓரிடத்தில் குவித்து, செலவைக் கேளாமல் ஒன்றைச் சாதிக்க முடியும். இதற்கு அமைதியான உதாரணம் வேண்டுமானால், வாய்வழிப் போலியோ தடுப்பு மருந்தைச் சொல்லலாம். அமெரிக்கரான ஆல்பர்ட் சேபின் உருவாக்கிய அந்த மருந்தை 1959இல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பெரிய அளவில் சோதித்தது சோவியத் ஒன்றியம்தான். பனிப்போரின் நடுவே நடந்த இந்த ஒத்துழைப்பு அதிகம் பேசப்படுவதில்லை.

ஆனால் காலணி ஒற்றை இலக்கு அன்று. ஆயிரம் அளவு, ஆயிரம் வடிவம், பருவத்துக்கு ஒரு தேவை என்று மாறிக்கொண்டே இருப்பது அது. கனரகத் தொழிலில் கோலோச்சிய நாட்டில் நல்ல காலணிக்கு வரிசையில் நின்றதன் காரணம் இதுதான்.

வளர்ச்சியின் விலையையும் மறந்துவிடக் கூடாது. முதல் திட்டக் காலத்தில் விவசாயிகளை வலுக்கட்டாயமாகக் கூட்டுப்பண்ணைகளில் சேர்த்துத் தானியத்தைப் பறித்ததன் தொடர்ச்சியாக 1932–33 பஞ்சத்தில் பல லட்சக்கணக்கானோர் மாண்டனர். அதற்குப் பிந்தைய வேகமான வளர்ச்சியும் பெரும்பாலும் வயலில் இருந்தவர்களை ஆலைக்குக் கொண்டுவந்ததாலும், நுகர்வைக் குறைத்து முதலீட்டைப் பெருக்கியதாலும் கிடைத்தது. வயலிலிருந்து கொண்டுவர ஆள் குறைந்தபோது, எழுபதுகளிலிருந்து வளர்ச்சி தளர்ந்துபோயிற்று. கூட்டுப்பண்ணை உழவர்கள் தங்களுக்கென வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட சிறு தோட்டங்கள், விதைக்கப்பட்ட நிலத்தில் ஏறத்தாழ 3 சதவீதமாக இருந்துகொண்டு வேளாண் உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ கால் பங்கைத் தந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தோட்டத்தில் விளைந்தவை காய்கறி, முட்டை, இறைச்சி போன்ற விலைமிகுந்த பொருள்கள் என்பதையும், அங்குள்ள மாட்டுக்குத் தீனி பல வேளைகளில் கூட்டுப்பண்ணையிலிருந்தே வந்தது என்பதையும் கழித்துக்கொண்டாலும் அந்த வேறுபாடு பெரியதே.

கேள்வி: இன்றைய கணினிகளும் செயற்கை நுண்ணறிவும் அன்று இருந்திருந்தால் திட்டமிடல் வென்றிருக்காதா? (மென்பொருள் துறை வாசகர்)

பதில்: இந்த நம்பிக்கை புதிதன்று. லெனின்கிராட்டைச் சேர்ந்த கணிதவியலாளர் லியனீத் கந்தரோவிச் 1939இல் ஒட்டுப்பலகை ஆலை ஒன்றின் வேலைப் பகிர்வுச் சிக்கலைத் தீர்க்கப்போய், இருக்கும் வளங்களை மிகச் சிறந்த வகையில் பகிர்ந்தளிக்கும் கணக்கு முறையான, இன்று உலகெங்கும் பயன்படும் நேரியல் நிரலாக்கத்தைக் கண்டறிந்தார். 1975இல் பொருளியலுக்கான நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். அவருடைய கணக்கு முறை அளித்த நிழல் விலைகள் (ஒரு வளம் எவ்வளவு அரிது என்று கணக்கு காட்டும் மதிப்பு), பொருளின் மதிப்பு உழைப்பிலிருந்தே வருகிறது என்னும் மார்க்சிய மதிப்புக் கோட்பாட்டுக்கு மாறானவை என்ற ஐயத்தால் அவருடைய நாட்டிலேயே நெடுங்காலம் ஒதுக்கப்பட்டன என்பது வேடிக்கையான சோகம். லாங்கே தம் கடைசிக் காலத்தில், தாம் முன்பு விலையைக் கூட்டியும் குறைத்தும் தேடச் சொன்ன விடையை மின்னணுக் கணினி நொடிப்பொழுதில் கண்டுவிடும் என்று எழுதினார். அறுபதுகளில் கீவ் நகரின் கணினி அறிவியலாளர் விக்டர் குளுஷ்கோவ், நாடு முழுவதும் உள்ள ஆலைகளைக் கணினி வலையால் இணைக்கும் திட்டத்தை முன்வைத்தார். அதைச் செயல்படவிடாமல் தடுத்ததில் அமைச்சகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் பெரும் பங்குண்டு. தங்கள் கையிலிருந்த தகவலை விட்டுக்கொடுக்க யாரும் விரும்பவில்லை. சிலியில் சோஷலிச அதிபர் சால்வடார் அயெந்தேயின் ஆட்சியின்போது, அரசு ஆலைகளை மையத்தோடு இணைக்கப் பிரிட்டானியரான ஸ்டாஃபோர்ட் பீர் வகுத்த சைபர்சின் திட்டம், டெலக்ஸ் எனப்படும் தொலைத்தட்டச்சுக் கருவிகளின் வலையைக் கொண்டு 1972 அக்டோபர் லாரி உரிமையாளர் வேலைநிறுத்தத்தைச் சமாளிக்க அரசுக்கு உதவியது. 1973 செப்டம்பர் 11 அன்று நடந்த இராணுவப் புரட்சியோடு அது முடிந்துபோனதால், அமைதிக் காலத்தில் அது என்ன ஆகியிருக்கும் என்பதைப் பார்க்க வாய்ப்பே கிடைக்கவில்லை.

இன்றைய பெருநிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனக்குள்ளே பெரும்பாலும் விலை இல்லாமல் திட்டமிட்டு இயங்குகின்றன. அவற்றுள் சில, சிறிய நாடுகளைக் காட்டிலும் பெரியவை. ஆகவே பெரிய அளவில் திட்டமிடவே முடியாது என்று வாதிடுவோர் தோற்றுவிட்டனர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்நிறுவனங்கள் வெளியே நிலவும் விலைகளைக் கொண்டு கணக்கிடுகின்றன. தவறாகத் திட்டமிட்டால் வாடிக்கையாளர்கள் வேறிடம் செல்வார்கள், நிறுவனம் அழியும். கணினியால் தீர்க்க முடிவது, தரவுகள் சரியாகக் கொடுக்கப்பட்ட கணக்கை. தன் திறனை மறைக்க விரும்பும் மேலாளர் பொய்யான எண்ணை உள்ளிட்டால், கணினி அந்தப் பொய்யைத் துல்லியமாகக் கணக்கிட்டுத் தரும். பொருளியலாளர் ஃபிரெட்ரிக் ஹயெக் 1945இல் வற்புறுத்தியது போல, பொருளாதாரத்துக்குத் தேவையான அறிவில் பெரும்பகுதி அந்தந்த இடத்தில், அந்தந்த வேளையில் இருப்போரிடம் சிதறிக் கிடக்கிறது. இன்னும் உண்டாகாத பொருளுக்கு எவ்வளவு தேவை இருக்கும் என்பது யாரிடமும் இல்லாத அறிவு. யாரோ ஒருவர் செய்து பார்த்துக் கைப்பொருளை இழந்தோ ஈட்டியோதான் அது தெரியவரும். அந்தச் சோதனையை நடத்த எத்தனை பேருக்கு உரிமை உண்டு, தோற்றால் யார் இழப்பது என்ற கேள்விகளுக்குக் கணினியிடம் பதில் கிடையாது.

கேள்வி: ஸ்வீடனும் நார்வேயும் டென்மார்க்கும் சோஷலிச நாடுகள்தாமே? (குடும்பத் தலைவி ஒருவர்)

பதில்: நலவாழ்வு அரசுகள் என்பது சரியான விவரிப்பு. டென்மார்க்கின் அன்றைய பிரதமர் லார்ஸ் லோக்கே ராஸ்முசன் 2015இல் அமெரிக்காவில் பேசும்போது, தம் நாடு சோஷலிசத் திட்டப் பொருளாதாரம் அன்று, சந்தைப் பொருளாதாரமே என்று விளக்க நேர்ந்தது. ஆலைகள் பெரும்பாலும் தனியாருடையவை. நாட்டின் வருமானத்தில் கணிசமான பகுதியை வரியாகத் திரட்டிக் கல்வி, மருத்துவம், முதுமைக்காலப் பாதுகாப்பு ஆகியவற்றை அரசு எல்லோருக்கும் அளிக்கிறது. ஸ்வீடனில் பெருநிறுவனங்களின் லாபத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பங்குகளாக்கித் தொழிற்சங்க நிதியங்களுக்கு மாற்றி, காலப்போக்கில் உடைமையையே மாற்றிவிட 1976இல் ருடால்ஃப் மெய்ட்னர் தலைமையிலான தொழிற்சங்க வல்லுநர்கள் திட்டம் தந்தனர். எண்பதுகளில் அது மிகவும் நீர்த்த வடிவில் சட்டமாகி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது.

நார்வே மட்டும் சற்றே வேறுபட்டது. எண்ணெய் நிறுவனமான ஈக்வினாரில் மூன்றில் இரு பங்கு அரசுடையது. எண்ணெய் வருவாயிலிருந்து திரட்டிய அரசு நிதியம் உலகெங்கும் பட்டியலிடப்பட்ட பங்குகளில் ஏறத்தாழ 1.5 சதவீதத்தைக் கையில் வைத்திருக்கிறது. நாட்டின் செல்வத்தில் இவ்வளவு பொதுவுடைமையாக இருந்தும் அங்கே இறைச்சிக்கு வரிசை இல்லை. ஈக்வினாரின் பங்குக்குச் சந்தையில் விலை உண்டு, அதன் கணக்கு வெளிப்படையானது, அது விற்கும் எண்ணெய்க்கு உலகச் சந்தையே விலை வைக்கிறது. உடைமை பொதுவில் இருப்பதால் மட்டும் பொருளாதாரம் முறிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: அரசும் வேண்டாம், முதலாளியும் வேண்டாம், தொழிலாளர்களே ஆலையை நடத்தினால் என்ன? (தொழிற்சங்க உறுப்பினர் ஒருவர்)

பதில்: யுகோஸ்லாவியா 1950இல் இதைச் சட்டமாகவே இயற்றிப் பார்த்தது. ஆலைகள் சமூகத்தின் உடைமை. தொழிலாளர் மன்றங்கள் அவற்றின் நிர்வாகத்தில் முடிவெடுத்தன. பொருள்கள் சந்தையில் விற்கப்பட்டன. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அந்நாடு வேகமாக வளர்ந்தது, அதன் மக்கள் மற்றச் சோஷலிச நாட்டவரைக் காட்டிலும் வசதியாகவும் சுதந்திரமாகவும் வாழ்ந்தனர். ஆனால் ஆலையை விட்டு விலகும்போது தம் பங்கை எடுத்துச்செல்ல முடியாத தொழிலாளி, லாபத்தை இயந்திரத்தில் போடுவதை விடக் கூலியாகப் பெற்றுக்கொள்வதையே விரும்புவார். முதலீட்டுக்கு ஆலைகள் வங்கிக் கடனை நம்பின. அந்த வங்கிகள் உள்ளூர் அரசியல்வாதிகளின் செல்வாக்கில் இருந்தன. நட்டமடைந்த ஆலை கடனால் காப்பாற்றப்பட்டது. கொர்னாய் சொன்ன அதே நோய் வேறு உடையில் வந்தது. எண்பதுகளில் வெளிநாட்டுக் கடனும் பணவீக்கமும் முற்றி, 1989இல் பணவீக்கம் ஆயிரம் சதவீதத்தைத் தாண்டியது.

ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலுள்ள மோந்திராகோன் இதற்கு மாறான வரலாறு. ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரின் மாணவர்கள் 1956இல் தொடங்கிய கூட்டுறவு ஆலை, இன்று ஏறத்தாழ 70,000 பேர் பணியாற்றும் கூட்டுறவுகளின் கூட்டமைப்பாக வளர்ந்திருக்கிறது. உறுப்பினர்கள் முதலீடு செய்து சேர்கிறார்கள்; லாபத்தில் அவர்களுடைய பங்கு தனிக் கணக்கில் சேர்ந்து, விலகும்போது கைக்கு வருகிறது; ஆகவே முதலீடு செய்யத் தயங்குவதற்குக் காரணம் குறைவு. உச்ச ஊதியத்துக்கும் அடிமட்ட ஊதியத்துக்கும் இடையிலான விகிதத்துக்கு வரம்பு உண்டு.

2013இல் நிகழ்ந்ததுதான் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. கூட்டமைப்பின் மூத்த உறுப்பான ஃபாகோர் வீட்டுச் சாதன ஆலை, ஸ்பெயினின் வீட்டுமனைச் சந்தை சரிந்ததைத் தொடர்ந்து கடனில் மூழ்கியது. மற்றக் கூட்டுறவுகள் சில ஆண்டுகள் பணம் கொடுத்துத் தாங்கின. பிறகு, இனிக் கொடுத்தால் எல்லோரும் சேர்ந்து மூழ்க நேரிடும் என்று மறுத்துவிட்டன. ஃபாகோர் திவாலாயிற்று. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோருக்குப் பிற கூட்டுறவுகளில் வேலையோ, முன்கூட்டிய ஓய்வோ ஏற்பாடு செய்யப்பட்டது. அவர்கள் ஆலையில் போட்ட சேமிப்பு போய்விட்டது, அந்தக் கசப்பும் இருந்தது. ஆலையைக் காப்பாற்றுவதையும் ஆளைக் காப்பாற்றுவதையும் அவர்கள் வேறுபடுத்திப் பார்த்தார்கள். சோவியத் அமைப்பு எழுபது ஆண்டுகளில் கற்காதது அது.

இத்தகைய கூட்டுறவுகள் ஏன் உலகெங்கும் பரவவில்லை என்று நீங்கள் கேட்கலாம். உழைப்பும் சேமிப்பும் ஒரே இடத்தில் முடங்குவதால் தொழிலாளிக்கு இடர் அதிகம் என்பது ஒரு காரணம். புதிய ஆலை தொடங்கத் தேவைப்படும் பெருமுதல், முதலீட்டாளருக்கு வாக்குரிமை தராத அமைப்புக்கு எளிதில் கிடைக்காது என்பது மற்றொன்று. திறமைசாலிகள் அதிக ஊதியம் தேடி வெளியேறுவதும் உண்டு. இஸ்ரேலில் உடைமையையும் வருமானத்தையும் பொதுவாக வைத்து வாழ்ந்த கிப்புட்ஸ் குடியிருப்புகள் எண்பதுகளின் கடன் நெருக்கடிக்குப் பின் சம ஊதியத்தைக் கைவிட்டதில் இதற்குப் பங்குண்டு.

கேள்வி: சீனா சோஷலிசத்தின் வெற்றியா, முதலாளித்துவத்தின் வெற்றியா?

பதில்: இரு தரப்பாரும் தமதென்று உரிமை கோருவதால் இந்த விவாதம் முடிவதே இல்லை. நாட்டை விரைவாகத் தொழில்மயமாக்க 1958இல் தொடங்கிய ‘பெரும் பாய்ச்சல்’ இயக்கத்தின்போது உள்ளூர் அதிகாரிகள் விளைச்சலை மிகைப்படுத்திக் காட்ட, மையம் அந்தப் பொய்க் கணக்கின்படி தானியத்தை எடுத்துச்செல்ல, கோடிக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். குறை கூறும் பத்திரிகையும் எதிர்க்கட்சியும் இல்லாத இடத்தில்தான் இத்தகைய பஞ்சம் இவ்வளவு நீளும் என்று அமர்த்தியா சென் வாதிட்டது பொருத்தமானது. 1978க்குப் பின் நிலம் கூட்டுடைமையாகவே இருக்க, விளைச்சலின் பலன் மட்டும் குடும்பத்துக்கு விடப்பட்டது, உற்பத்தி பெருகியது.

அதைவிடக் குறைவாகப் பேசப்படும் தேதி 1986 ஆகஸ்ட். ஷென்யாங் நகரின் சிறு ஆலை ஒன்று அம்மாதம் திவாலானதாக அறிவிக்கப்பட்டது. மக்கள் சீனக் குடியரசின் முதல் திவால் அது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அரசு ஆலைகள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டு அல்லது விற்கப்பட்டு, கோடிக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தனர். வீடு, மருத்துவம், ஓய்வூதியம் எல்லாம் ஆலையோடு கட்டப்பட்டிருந்ததால் அவர்கள் பட்ட துன்பம் கடுமையானது. வங்கிகளும் எரிசக்தியும் இன்றும் பெரும்பாலும் அரசிடமே உள்ளன. அவற்றின் ஆதரவில் நட்டத்தில் ஓடும் நிறுவனங்களும் குறைவில்லை.

கேள்வி: மூடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். 2008இல் அமெரிக்க வங்கிகளை அரசு காப்பாற்றவில்லையா?

பதில்: காப்பாற்றியது. முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பரில் விழுந்த மறுநாளே ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனத்துக்கு மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் வசதி அளித்தது. லாபம் வந்தால் தனியாருக்கு, நட்டம் வந்தால் பொதுமக்களுக்கு என்ற இந்த ஏற்பாடு, பொதுவுடைமையின் பலனும் இல்லாத, சந்தையின் ஒழுங்கும் இல்லாத ஒன்று. கொர்னாயின் ஆய்வு முதலாளித்துவ நாடுகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. அவரும் அதை மறுக்கவில்லை. அந்தக் காரணத்தாலேயே, பொதுமக்களின் பணத்தால் காப்பாற்றப்படும் நிறுவனத்தின் பங்குகள் பொதுமக்களுக்கு வந்துசேர வேண்டும் என்ற சோஷலிசவாதிகளின் வாதத்தை நான் நியாயமானதாகக் கருதுகிறேன், ஏ.ஐ.ஜி. விஷயத்தில் அமெரிக்க அரசே ஏறத்தாழ 80 சதவீதப் பங்குரிமையை எடுத்துக்கொண்டது, பின்னர் விற்றுவிட்டது.

கேள்வி: இனி ஒரு நாடு மக்களின் வாக்கைப் பெற்றுச் சோஷலிசத்தை முயன்றால், அது தேறுமா என்பதை அறிய எதை முதலில் பார்ப்பீர்கள்?

பதில்: தலைவர்களின் உரைகளைப் பார்க்க மாட்டேன். திவால் சட்டம் அரசு ஆலைகளுக்கும் பொருந்துகிறதா, ஆலை மூடப்பட்டால் தொழிலாளியின் மருத்துவமும் ஓய்வூதியமும் ஆலையைச் சாராமல் தொடர்கின்றனவா, விலைவாசியையும் விளைச்சலையும் கணக்கெடுக்கும் அலுவலகம் அமைச்சருக்குப் பிடிக்காத எண்ணை வெளியிட்டுவிட்டுப் பிழைத்திருக்க முடிகிறதா, அரசு ஆலைக்குப் போட்டியாகக் கூட்டுறவோ தனியாரோ அனுமதி கேட்டு அலையாமல் தொழில் தொடங்க முடிகிறதா என்பவற்றைப் பார்ப்பேன். இரண்டாவதாகச் சொன்னது இல்லாமல் முதலாவது நடவாது; தம் சோறு ஆலையோடு போய்விடும் என்றால் மூடுவதற்கு எந்தத் தொழிலாளியும் சம்மதிக்க மாட்டார், வாக்கு கேட்டுச் செல்ல வேண்டிய எந்த அரசும் துணியாது.